ஊர்ச்சத்தம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொர்க்கத்தில் தனி வரிசை போட்டிருப்பார்கள். ஜானட் பத்து வருடமாக ஓட்டுகிறாள். அன்றைக்குக் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, முதுகில் லேப்டாப் பையும் காலடியில் கருவிப் பெட்டியுமாக, பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பழைய இரும்பு யார்டின் கேட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

நிலநடுக்கத்தைக் கண்காணிக்கும் கருவிகளைப் பழுதில்லாமல் வைத்திருப்பது அவள் வேலை. எண்ணூரில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று, ராயபுரத்தில் அவளுடைய ஆபீஸுக்குக் கீழேயே ஒன்று, ஆக மூன்று நிலையங்கள் அவள் பொறுப்பு. தெருவில் போனால் யாராவது ஒருத்தர், "இன்னா ஜானட்டு, இன்னிக்கு பூகம்பம் வர்தா? துணி காயப் போடலாமா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். அவளும் சளைக்காமல், "சாயந்திரம் வரைக்கும் வராது, நல்லா காயப் போடு" என்பாள்.

ஆனால் கடந்த எட்டு நாளாக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணூர்க் கருவி கிடந்து துடித்தது. எங்கிருந்தோ ஒரு தட்டல், இரவும் பகலும். மேலதிகாரி ஜார்ஜ் கூப்பிட்டு, "மேல கேக்குறாங்கம்மா. இந்த வாரத்துக்குள்ள சரிபண்ணலன்னா எண்ணூரை மூடிடச் சொல்றாங்க" என்றார். ஜானட் ஒப்பந்த ஊழியர். மூன்றில் ஒன்று மூடினால் அவளுக்கும் சேர்த்து மூடிவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும், அதனால் அதை அவர் சொல்லவில்லை.

கேட்டில் அங்கம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யார்டுக்குக் காவல் அவள்தான்.

"வா மேடம். இன்னா இந்த வெய்யில்ல வந்துகீற? மூஞ்சி செவந்து பூட்சி பாரு. தண்ணி குட்ச்சிட்டுப் போ."

ஜானட் பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் வழக்கமான கேள்வி வந்தது. ஒவ்வொரு முறையும் வேடிக்கை போலத்தான் கேட்பாள், ஆனால் கண் மட்டும் சிரிக்காது.

"கடலுக்கு அந்தாண்ட பூமி ஆடுனாகூட உன் மிசினு சொல்லுதாமே. ஓடிப்போன ஆளு எங்க கீறான்னு சொல்லாதா?"

ஓடிப்போன ஆள் அவள் புருஷன் தீனா. எந்நேரமும் வாயில் பீடியோடு, இதே யார்டில் பழைய இரும்பை வெட்டி எடுக்கும் வேலையில் இருந்தவன். போகிக்கு முந்தின நாள் வேலைக்கு வந்தான், வீடு திரும்பவில்லை. "எவளையோ இட்டுகினு பூட்டான்" என்று கான்டிராக்டர் சொல்ல, குப்பமே அதை நம்பியது. நம்பாதவள் அங்கம்மா ஒருத்திதான். பிறகு அந்த கான்டிராக்டரே அவளுக்குக் காவல் வேலையும் போட்டுக் கொடுத்தான். பாவம் பார்த்துக் கொடுத்தானா, பயந்து கொடுத்தானா, அது அவனுக்கே வெளிச்சம். யார்டில் வேலை மட்டும் அதற்குப் பிறகு நடக்கவில்லை.

"அதெல்லாம் சொல்லாதுக்கா" என்றாள் ஜானட். "வாங்க, மூடியத் தூக்க ஒரு கை குடுங்க."

நிலையம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. யார்டின் நடுவில், ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில் ஒரு சிமென்ட் குழி. மேலே கனத்த இரும்பு மூடி. உள்ளே இறங்க ஏணி. அடியில் ஒரு மேடை, அதன் மேல் பிரஷர் குக்கர் அளவில் கருவி. இருவருமாக மூடியைத் தூக்கி ஒரு கம்பியை முட்டுக் கொடுத்தார்கள். அங்கம்மா கேட்டுக்குத் திரும்பிப் போனாள்.

குழிக்குள் வெயில் தெரியவில்லை. மூன்றாவது படியிலேயே குளிர்ந்தது. ஈரத் துருவின் வாடை மூக்கில் ஏறியது. மேலே நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம், கீழே வரவர, பக்கத்து வீட்டில் யாரோ மாவு அரைப்பது போல மங்கியது.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கருவியிடம் போனதும் முதலில் காலால் தரையை மூன்று முறை ஓங்கி மிதிக்க வேண்டும். பதிவில் மூன்று மேடு விழும். பின்னால் பார்க்கிறவனுக்கு, இந்த நேரத்தில் ஆள் வந்தார் என்று புரியும். இதற்கு அவர்களுக்குள் 'வணக்கம் வைக்கிறது' என்று பெயர்.

ஜானட் லேப்டாப்பைக் கருவியில் மாட்டிவிட்டு வணக்கம் வைத்தாள். தொம். தொம். தொம்.

திரையில் மூன்று மேடு விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் மூன்று.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் படித்த புத்தி விடவில்லை, எதிரொலி இவ்வளவு மெதுவாக வராது என்றது. வேண்டுமென்றே ஐந்து முறை மிதித்தாள். காத்திருந்தாள்.

ஐந்து வந்தது.

அவள் கை பழகிய வேலையைச் செய்தது. நிலத்துக்குள் ஒரு தட்டு தட்டினால் இரண்டு அலை கிளம்பும். ஒன்று ஓட்டக்காரி, இன்னொன்று நடைக்காரி. இடி மின்னலைப் போலத்தான், இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை வைத்துத் தூரம் சொல்லிவிடலாம். முதல் அசைவைப் பார்த்துத் திசையும் சொல்லலாம். கணக்குப் போட்டாள். தொண்ணூறு மீட்டர். தென்மேற்கு.

தென்மேற்கில் பழைய பம்ப் ஹவுஸ் இருந்தது. ஒரு காலத்தில் கழிமுகத்திலிருந்து தண்ணீர் இழுத்த, ஆள் நடக்கும் அகலமுள்ள குழாய் ஒன்று அதற்கு அடியில் ஓடியது. அதன் வாயை ஒரு சிமென்ட் சிலாப் போட்டு மூடியிருந்தார்கள்.

மூடியது எப்போது என்று யோசித்தாள். பொங்கலுக்கு முன்னால் வந்தபோது அந்த வாய் திறந்துதான் இருந்தது, ஆட்கள் உள்ளே இறங்கி இரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பொங்கல்.

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. போகி அன்று காலை, தன் அக்கா வீட்டில் எல்லோரும் கூடியிருக்க, அவளுடைய போன் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. எண்ணூரில் அதிர்வு, எண்ணூரில் அதிர்வு. திறந்து பார்த்தாள். மூன்று மூன்றாகத் தட்டல். தெருவில் பொடிசுகள் போகி மேளம் அடித்துக்கொண்டிருந்தன. எண்ணூர்க் குப்பத்திலும் இதே கூத்துதானே என்று சிரித்துக்கொண்டாள். ஆடு, மாடு, லாரி, மேளம் என்று ஊர் பண்ணும் எல்லா அதிர்வுக்கும் அவர்கள் ஆபீஸில் 'ஊர்ச்சத்தம்' என்று பெயர். பூகம்பத்துக்கு அது தொல்லை. அந்தச் சாயலில் வரும் தட்டலையெல்லாம் வெட்டி எறியச் சொல்லி அங்கிருந்தே ஒரு கட்டளை போட்டாள். 'ஊர்ச்சத்தம், வெட்டப்பட்டது' என்று குறிப்பும் எழுதினாள். அரை நிமிடம் ஆகியிருக்கும். பிறகு போன் கத்தவில்லை. போளி சாப்பிடப் போய்விட்டாள்.

வெட்டியது ஆபீஸில் ஓடும் பதிவைத்தான். குழியில் இருக்கும் கருவியின் நினைவகம் எதையும் வெட்டாது. அதில் ஜனவரிக்குப் போனாள்.

போகிக்கு முந்தின நாள் சாயந்திரம் ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தது. மூன்று தட்டு, விட்டு மூன்று தட்டு. இரவு முழுக்க. போகி முழுக்க. பொங்கல் அன்று மேடுகள் சிறுத்துப்போயிருந்தன, இடைவெளிகள் நீண்டிருந்தன. மாட்டுப் பொங்கல் காலையில் மூன்று, இரண்டானது. மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு ஒரே ஒரு தட்டு.

அதற்கப்புறம் லாரிகள்தான்.

"மாதாவே" என்றாள் ஜானட். ஒருத்தன் இருட்டுக்குள் மூன்று நாள் உயிரோடு இருந்து கூப்பிட்டிருக்கிறான். இந்த ஊரிலேயே அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவள் அதைப் போகி மேளம் என்று வெட்டிப் போட்டிருக்கிறாள்.

திரையில் புதிதாக மூன்று மேடு விழுந்தது. அலைகளின் இடைவெளி குறைந்திருந்தது.

அறுபது மீட்டர்.

செத்தவன் தட்டுவதே கணக்குக்கு வராது. இது இடமும் மாறியது.

நாற்பது.

அவள் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு ஏணிக்குத் திரும்பினாள். அப்போது மேலே முட்டுக் கொடுத்த கம்பி கிணுங்கென்று சரிந்தது.

மூடி விழுந்தது.

இருட்டு. காதுக்குள் வெகுநேரம் இரும்பு முழங்கிக்கொண்டிருந்தது. ஏணியில் ஏறி இரண்டு கையாலும் முட்டினாள். இரண்டு பேர் தூக்கும் மூடி ஒருத்திக்கு அசையவில்லை. "அங்கம்மாக்கா! அங்கம்மாக்கா!" என்று கத்தினாள். மேலே லாரிகள் மாவு அரைத்துக்கொண்டிருந்தன. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கருவி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? இந்த நேரத்தில் ஜார்ஜ் சார் திரை முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். ஸ்பேனரை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தாள். மூன்று. விட்டு மூன்று. மறுபடி மூன்று. தோள் வலிக்கும்வரை அடித்தாள்.

பிறகு கை தானாக நின்றது.

இந்தச் சாயலில் வரும் தட்டலை வெட்டி எறியச் சொல்லி அவள் போட்ட கட்டளை இன்னும் ஆபீஸில் அப்படியேதான் இருந்தது. இந்த எட்டு நாளாக வரும் தட்டல் மட்டும்தான் எப்படியோ அதை மீறி வந்தது. அவளுடைய தட்டல் மீறாது. ஜார்ஜ் சாரின் திரையில் எண்ணூர்க் கோடு நேராக, நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கும்.

அவள் ஏணியின் அடியில் உட்கார்ந்து அழுதாள். மூன்று நாள் அந்த மனுஷன் எப்படி இருந்திருப்பான் என்று அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. புத்திக்குப் புரிவது வேறு.

துருவின் வாடைக்குள் இன்னொரு வாடை மெல்லக் கலந்தது. பீடி.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முதுகு சாய்ந்திருந்த சுவரில், அந்தப் பக்கத்திலிருந்து, தட்டியது.

சத்தமாகக்கூட இல்லை. முதுகெலும்பில் மூன்று முறை பட்டது. கதவுக்கு வெளியே நின்று, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பது போல.

அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சுவர்தான் இருந்திருக்கும். ஆனாலும் திரும்பவில்லை.

அது நின்றுபோனது. எவ்வளவு நேரம் கழிந்தது என்று தெரியாது. திடீரென்று மேலே காலடிச் சத்தம், கடப்பாரை உரசும் சத்தம். மூடி ஒரு சாண் உயர, வெளிச்சமும் அங்கம்மாவின் வேர்த்த முகமும் சேர்ந்து தெரிந்தன.

"இன்னா மேடம், மூடிகினு குந்திகீற! தோ, தோள்குடுத்துத் தள்ளு!"

மேலே வந்து மணலில் விழுந்தவளுக்கு வெயில் அமிர்தமாக இருந்தது. "நான் தட்டுனது கேட்டுச்சாக்கா?" என்றாள்.

"நீ தட்டுனது ஒண்ணியும் கேக்கல." அங்கம்மா கேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "என் சேருக்கு அடியில தட்டுச்சு. தரைக்குள்ளாற. மூணு, வுட்டு மூணு. எங்கூட்டுக்காரரு லேட்டா வந்தா கதவ அப்டிதான் தட்டுவாரு மேடம். எயுந்தேன். எயுந்தா நின்னுச்சு. குந்துனா தட்டுச்சு. இங்க ஓடியாந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜானட்தான் முதலில் கண்ணை எடுத்தாள்.

"அக்கா, பம்ப் ஹவுஸ் சிலாப்பைத் தூக்கணும்."

தீயணைப்பு வண்டி வந்து சேரச் சாயந்திரம் நான்கு மணி ஆனது. கான்டிராக்டரின் போன் அணைந்திருந்தது. சிலாப்பைத் தூக்கியதும் உள்ளே இறங்கியவர்களில் ஒருவர் உடனே மேலே ஏறி வந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். தீனா குழாயின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கையில் சுத்தியல் இருந்தது.

அதற்கு முன்பே, வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில், ஜானட் மறுபடி குழிக்குள் இறங்கியிருந்தாள். அங்கம்மாவிடம், "மூடியப் புடிச்சுகினே நில்லுக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். நினைவகத்தில் பொங்கல் மூன்று நாளையும் அழித்தாள். 'இடமில்லாததால் பழைய பதிவு நீக்கப்பட்டது' என்று குறிப்பு எழுதினாள். கை நடுங்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பிற்பாடு அருவருப்பாக இருந்தது.

போலீஸ், "உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டதற்கு, "நிலத்துல ஒரு மாறுதல் தெரிஞ்சுது சார்" என்றாள். எழுதிக்கொண்டார்கள்.

எல்லாரும் போன பிறகு அங்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவளோடயும் போவல பாத்தியா, என் ராசா போவல" என்று பத்துத் தடவை சொன்னாள். பிறகு குரல் தாழ்ந்தது. "படிச்சவ நீ சொல்லு மேடம். உள்ள மாட்டுனவொடனே பூட்டாரா? இல்ல..."

அந்த 'இல்ல'வுக்கு மேல் அவளால் போக முடியவில்லை.

"உடனேதான்க்கா" என்றாள் ஜானட். "காத்து இருந்திருக்காது. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது அவருக்கு."

அங்கம்மா நான்கு மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டு அழுதாள். அந்தப் பொய்யில் பாதி இரக்கம்தான். மீதிப் பாதி ஜானட் தனக்காகச் சொல்லிக்கொண்டது.

மறுநாளிலிருந்து எண்ணூர் அடங்கிவிட்டது. ஜார்ஜ் சாருக்கு வாயெல்லாம் பல். "பளிங்கு மாதிரி இருக்கும்மா கோடு. என்ன பண்ணுன?" என்றார். "ஒயரு லூஸா இருந்துச்சு சார்" என்றாள். ஆனால் அவளுக்குத் தூக்கம் போயிற்று. எழுந்து எழுந்து நடந்தாள். வீட்டில் அம்மி, கதவு, பக்கத்துப் பிள்ளையின் பந்து என எது தட்டினாலும் எண்ண ஆரம்பித்தாள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட ஒரு நாள் போனாள். முழங்கால் போட்டு, வேறு என்னென்னவோ சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

பதினாறாம் நாள், பகல் பதினொன்றரைக்கு, அங்கம்மாவிடமிருந்து போன் வந்தது. ஜானட் ராயபுரம் ஆபீஸில் திரைக்கு முன்னால் இருந்தாள். ஜார்ஜ் சார் டீ குடிக்க இறங்கியிருந்தார்.

"மேடம். இன்னிக்கு அவருக்குக் காரியம்." குரலில் உயிரே இல்லை. "படையல் போட்டு, கதவச் சாத்திட்டு எல்லாரும் வெளிய நின்னுகினு இருந்தோம். அவரு வந்து துண்ணட்டும்னு."

"சொல்லுங்கக்கா."

"உள்ளேர்ந்து தட்டுது. தெறந்து பாத்தா யாருமில்ல. தரைக்குக் கீழ தட்டுது மேடம். மொதல்ல கெட்டியா, மூணு மூணா. அப்பால கொறஞ்சிகினே வருது. ரெண்டு. அப்பால ஒண்ணு. நிக்குது. மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரமிக்குது."

ஜானட் அழித்த பதிவு அது. அப்படியே, வரிசை மாறாமல்.

"நீ ஒடனே பூட்டாருன்னு சொன்ன." அங்கம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எத்தினி நாளு தட்டுனாரு மேடம்?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. போனுக்குள், வெகு ஆழத்தில், தொம் என்று ஒன்று கேட்டது.

"மூணு நாள்க்கா."

"ஒனக்கு அப்பவே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நான்தான்... போகி மேளம்னு நெனச்சு அழிச்சிட்டேன். என்னை மன்னிச்சிடுக்கா."

அந்தப் பக்கம் யாரோ பெண்கள் விசும்பும் சத்தம், ஒரு குழந்தை இருமும் சத்தம். தட்டல் இல்லை.

"நின்னுடுச்சு" என்றாள் அங்கம்மா. பிறகு, பஸ் ஏறிப் போன ஆளைப் பற்றிச் சொல்வது போலச் சாதாரணமாக, "தெரிஞ்சுகினாரு. கெளம்பிட்டாரு மேடம்" என்றாள்.

"எங்கக்கா?"

போன் வைக்கப்பட்டிருந்தது.

ஜானட் திரையைப் பார்த்தாள். மூன்று நிலையங்கள், மூன்று கோடுகள். மேலே எண்ணூர், அசைவில்லை. நடுவில், எண்ணூரிலிருந்து ராயபுரம் வரும் வழியில், திருவொற்றியூர்.

அதில் மூன்று மேடு விழுந்தது.

விட்டு, இன்னும் மூன்று.

அலைகளின் இடைவெளியை அளக்க அவள் கையை நீட்டினாள், பிறகு வேண்டாமென்று மடக்கிக்கொண்டாள். கீழே ராயபுரம் கோடு இன்னும் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கருவி இந்தக் கட்டடத்துக்கு அடியில், அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது. ஜானட் இரண்டு கால்களையும் தரையிலிருந்து எடுத்து நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டாள்.

நாற்காலியின் கால்கள் நான்கும் தரையில்தான் இருந்தன.